பழைய மினி பிசியா, புது மினி பிசியா? வாங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

திருச்சில பதினோரு வருஷமா கடைகளுக்கும் ட்யூஷன் சென்டருக்கும் ஆடிட்டர் ஆபீசுக்கும் சிஸ்டம் வாங்கிக் குடுத்து சர்வீஸ் பண்ணிட்டு இருக்கேன். ரெண்டு மூணு வருஷமா வர்ற போன்ல பாதி இதே கேள்விதான், "செகண்ட்ஸ்ல ஒரு சின்ன டப்பா சிபியு பாத்தேன் வாங்கலாமா, இல்ல காசு போட்டு புதுசே எடுத்துடலாமா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை இங்க ஒரே இடத்துல எழுதிட்டேன்.

மினி பிசின்னு நீங்க எதைச் சொல்றீங்க?

கம்பெனிகள்ல ஊழியர்களுக்குக் குடுக்குற சின்ன டெஸ்க்டாப். டெல்லுல ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோல திங்க்சென்டர் டைனி, எச்பில எலைட்டெஸ்க் மினி, புரோடெஸ்க் மினி. மூணுமே கிட்டத்தட்ட ஒரே சைஸ்தான், 18 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர், மூணரை சென்டிமீட்டர் உயரம், ஒரு டிபன் பாக்ஸை விட கொஞ்சம் பெருசு அவ்வளவுதான். மானிட்டர் பின்னாடியே ஸ்க்ரூ போட்டு மாட்டிடலாம். உள்ள பெரும்பாலும் பேர் கடைசில "டி" எழுத்து இருக்கிற 35 வாட் பிராசசர் இருக்கும், கரண்ட் லேப்டாப் மாதிரி வெளி அடாப்டர்ல இருந்து வரும். ஆன்லைன்ல புதுப்பேர் கம்பெனிகள் விக்கிற குட்டி டப்பாக்களைப் பத்தி நான் இங்க பேசலை, அது வேற கதை.

இவ்வளவு நல்ல மெஷினை ஏன் கம்மி விலைக்குத் தள்ளுறாங்க? ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லைங்க. பெரிய கம்பெனிகள் இதை லீஸ்ல எடுக்கும், மூணு நாலு வருஷம் முடிஞ்சதும் மொத்தமா திருப்பிக் குடுத்துட்டு புதுசு எடுத்துக்கும். மெஷின் ஓடுதா ஓடலையாங்கிறது அங்க கணக்கே இல்லை, காலம் முடிஞ்சா போயே ஆகணும். அப்படி வர்றது ஏலத்துல மொத்த வியாபாரிக்குப் போய், அங்கிருந்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்பி ரோடு, டெல்லி நேரு பிளேஸ்னு பிரிஞ்சு, கடைசில நம்ம ஊர் கடைக்கு வருது. ஏசி ரூம்ல, நல்ல யுபிஎஸ்ல, ஒருத்தர் எக்செல்லும் மெயிலும் மட்டும் பாத்த மெஷின் அது. நம்ம ஊர்ல ரோட்டோரக் கடைல ரெண்டு வருஷம் ஓடின புது அசெம்பிள் சிஸ்டத்தைவிட இது உள்ள சுத்தமா இருக்கும், நான் திறந்து பாத்து சொல்றேன்.

ஐ7 நாலாவது ஜென் கம்மி விலைல இருக்கு, ஐ3 எட்டாவது ஜென்னும் அதே விலை சொல்றாங்க. ஐ7தானே பெஸ்ட்?

இந்த ஒரு கேள்விலதான் நிறைய பேர் காசை விடுறாங்க. ஜென்னா ஜெனரேஷன், பிராசசர் எந்தக் காலத்துத் தலைமுறைங்கிறது. ஐ3, ஐ5, ஐ7ங்கிறது இன்டெல் கம்பெனி பிராசசரோட தரத்துக்கு வெக்கிற, அந்தந்த ஜென்னுக்குள்ள மட்டும் செல்லுபடி ஆகுற பேரு. பத்து வருஷம் முன்னாடி ஐ7க்கு இருந்த மரியாதையை வெச்சு இன்னைக்கு வாங்கக்கூடாது. ஐ5-8500டின்னு இருந்தா கோடுக்கு அப்புறம் வர்ற முதல் எண் 8, அதாவது எட்டாவது ஜென். ஐ5-10500டின்னா அஞ்சு இலக்கம், அதுல முதல் ரெண்டையும் சேத்துப் பாக்கணும், பத்தாவது. ஐ5-4590டின்னா நாலாவது. முதல்ல இதைப் பாருங்க, ஐ3யா ஐ5யாங்கிறதை அப்புறம் பாருங்க.

ஏன் சொல்றேன்னா ஏழாவது ஜென் வரைக்கும் இந்த சின்ன டப்பால வந்த ஐ5-6500டி, ஐ5-7500டி எல்லாத்துலயும் நாலு கோர்தான், கோர்னா பிராசசர் உள்ள தனித்தனியா வேலை செய்யுற பகுதி. எட்டாவது ஜென்ல இன்டெல் ஒரேயடியா எண்ணிக்கையை ஏத்துச்சு, ஐ5-8500டில ஆறு கோர், முன்னாடி ஐ5க்கு இருந்த நாலு கோர் இப்ப ஐ3-8100டிக்கே வந்துடுச்சு. அதுபோக நாலாவது ஜென் டப்பால ராம் டிடிஆர்3, இப்ப அதை ஏத்தணும்னா பழைய ராம்தான் தேடி அலையணும். எஸ்எஸ்டிங்கிறது ஹார்டுடிஸ்க்குக்குப் பதிலா வர்ற சிப் டிரைவ், அதுல வேகமான வகை என்விஎம்இ; அதுல இருந்து நேரா பூட் ஆகுற வசதியும் அந்தக் காலத்து போர்டுல பெரும்பாலும் இருக்காது. அதனால எட்டாவது ஜென் ஐ3யை எடுங்க, ஐ7 ஸ்டிக்கரைப் பாத்து மயங்காதீங்க.

எல்லாரும் எட்டாவது ஜென்னுக்குக் கீழ வாங்காதன்னு சொல்றாங்களே, அப்படி என்ன அதுல?

விண்டோஸ் 11. மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு அது. இன்டெல்ல எட்டாவது ஜென்னும் அதுக்கு மேலயும், கூடவே டிபிஎம் 2.0, செக்யூர் பூட்ங்கிற ரெண்டு பாதுகாப்பு வசதியும் இருந்தாத்தான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, வீட்டு உபயோகத்துக்குன்னு நீட்டிச்ச செக்யூரிட்டி அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் முதல்ல அறிவிச்சது 2026 அக்டோபர் வரைக்கும்தான். ஆறு, ஏழாவது ஜென் மெஷினை மார்க்கெட்ல இவ்வளவு சல்லிசா கொட்டுறதுக்கு காரணமே இதுதான், கம்பெனிகள் விண்டோஸ் 11க்கு மாறணும்னு பழசை மொத்தமா வெளிய அனுப்பிடுச்சு. கத்திரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்.

இன்டெலுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியோட பிராசசர் போட்ட டப்பாலயும் ஒரு சிக்கல் இருக்கு. ரைசன் 2200ஜிஇ, 2400ஜிஇ ரெண்டும் பேருல விண்டோஸ் 11 ஏறுற மத்த 2000 சீரிஸ் மாதிரி இருக்கும், ஆனா இது ரெண்டும் விண்டோஸ் 11 லிஸ்ட்ல கிடையாது. ரைசன் 3400ஜிஇ இருக்கிற டப்பா ஓகே.

ஆறாவது ஏழாவது ஜென்லயும் விண்டோஸ் 11 ஏத்திக் குடுக்குறாங்களே?

ஏத்தலாம், ஓடவும் செய்யும், நானே ஏத்திருக்கேன். ஆனா மைக்ரோசாஃப்ட் அதை சப்போர்ட் பண்றதில்லை, வருஷா வருஷம் வர்ற பெரிய அப்டேட் தானா வராது, ஒவ்வொரு தடவையும் கையால செய்யணும். உங்களுக்கே தெரியும்னா செஞ்சுக்கோங்க. கடையில கல்லாப்பெட்டி பக்கத்துல வெக்கிற மெஷினுக்கு அதைச் செய்யாதீங்க, ஏன்னா அப்டேட் நின்னுபோனதை யாரும் கவனிக்க மாட்டாங்க, அந்த மெஷின்லதான் நெட் பேங்கிங்கும் ஜிஎஸ்டி ஃபைலிங்கும் பண்ணுவாங்க. கடைக்காரர் "விண்டோஸ் 11 போட்டிருக்கு சார்"னு சொன்னா உடனே எந்த ஜென்னுன்னு கேளுங்க, அந்த பதிலை வெச்சு முடிவு பண்ணுங்க.

எனக்கு டேலியும் பில்லிங்கும் மட்டும்தான். அதுக்கு எதுக்கு புதுசு?

வேண்டியதே இல்லை. காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை, அண்ணாச்சி கிட்ட ஆணியில இருந்து பைப்பு வரைக்கும் ஐட்டம் மட்டும் ஆயிரக்கணக்குல இருக்கும், எட்டு வருஷ டேட்டா டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல. முன்னாடி பெரிய டவர், ஹார்டுடிஸ்க், காலைல ஆன் பண்ணிட்டு சாமிக்கு பூ போட்டு, விளக்கேத்தி, டீ குடிச்சு முடிச்சா டேலில கம்பெனிக் கணக்கு ஓப்பன் ஆகும். அவருக்கு ஐ5-8500டி, 16 ஜிபி ராம், என்விஎம்இ எஸ்எஸ்டி இருக்கிற ஒரு பழைய டப்பா மாத்திக் குடுத்தேன். முதல் நாள் பட்டனை அமுக்கிட்டு வழக்கம்போல பூ எடுக்கப் போனவரு திரும்பிப் பாத்தா ஸ்க்ரீன்ல டேலி பாஸ்வேர்டு கேட்டுட்டு நிக்குது. "என்ன தம்பி நேத்து ஆஃப் பண்ணவே இல்லையா"ன்னு கேட்டாரு.

அந்த வேகத்துல முக்காவாசி எஸ்எஸ்டி குடுத்தது. பன்னெண்டாவது ஜென் போட்டிருந்தாலும் அந்த அண்ணாச்சிக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. பில்லிங், பிரவுசர், எக்செல், பிரிண்ட் எடுக்குறது, சிசிடிவி ஆப் பாக்குறது, இதுக்கெல்லாம் எட்டாவது ஜென் தாராளம்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோ எடைமெஷினோ சீரியல் கேபிள்ல வேலை செய்யுதுன்னா, பின்பக்கம் சீரியல் போர்ட் இருக்கிற டப்பாவா தேடுங்க. லீஸ் முடிஞ்சு வந்த மெஷின்ல சிலதுல அது கூடுதலா மாட்டி வந்திருக்கும், சிலதுல மூடி மட்டும் இருக்கும்.

மாடல் பேரை வெச்சு எந்த ஜென்னுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டெல்லுல கடைசி ரெண்டு எண்ணைப் பாருங்க. 3050, 5050, 7050 ஆறு இல்ல ஏழாவது ஜென். 3060, 5060, 7060 எட்டாவது. 70ல முடிஞ்சா பெரும்பாலும் ஒன்பது, 80ல முடிஞ்சா பத்து. முதல் எண் 3 அடிமட்ட மாடல், 5 நடு, 7 மேல்மட்டம். லெனோவோல எம்710கியூ, எம்910கியூ ஆறு ஏழு, எம்720கியூ, எம்920கியூ எட்டு ஒன்பது, எம்70கியூ முதல் மாடல் பத்து. எச்பில பேர் கடைசில ஜி3ன்னா ஆறு ஏழு, ஜி4ல எட்டு, ஜி5ல ஒன்பது, ஜி6ல பத்து, ஜி9ல பன்னெண்டுல இருந்து.

டெல் விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க, ஏன்னா அவங்க பேரைத் திரும்பப் பயன்படுத்திருக்காங்க. ஆப்டிபிளெக்ஸ் 7010ன்னு 2012ல ஒண்ணு வந்துச்சு, அது மூணாவது ஜென். அதே 7010ங்கிற பேர்லயே 2023ல பதிமூணாவது ஜென் மெஷின் விட்டாங்க. 7020ம் அப்படித்தான், 2014ல நாலாவது ஜென், 2024ல அதே பேர்ல புது மெஷின். விளம்பரத்துல "ஆப்டிபிளெக்ஸ் 7010, ஐ5, 16 ஜிபி"ன்னு மட்டும் போட்டிருந்தா நடுவுல பத்து ஜெனரேஷன் வித்தியாசம் இருக்கலாம். பிராசசர் முழுப்பேர் கேக்காம அட்வான்ஸ் போடாதீங்க. மெஷின் மேல ஏழு எழுத்துல சர்வீஸ் டேக் ஒட்டியிருக்கும், அதை டெல் சப்போர்ட் சைட்ல அடிச்சா எப்ப வித்தது, என்னென்ன போட்டு வித்ததுன்னு காட்டிடும். ஒரு நிமிஷ வேலைங்க அது.

எட்டாவது, பத்தாவது, பன்னெண்டாவது, இதுல எதுக்கு எவ்வளவு கூடக் குடுக்கலாம்?

எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒரு ரூபா கூட அதிகம் குடுக்காதீங்க. ஐ5-8500டி, ஐ5-9500டி ரெண்டும் ஆறு கோர், வேகத்துல துளி வித்தியாசம். பத்தாவதுல கோர் அதேதான், ஆனா ஒவ்வொரு கோரும் ரெண்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்துல ரெண்டு வேலையைக் கையாளும், அதனால ஐ5-10500டில 12 த்ரெட், ஐ3-10100டில நாலு கோர் எட்டு த்ரெட். ஒரே நேரத்துல பல வேலை ஓடுற மெஷினுக்கு இது தெரியும். விலை கொஞ்சம்தான் கூடன்னா எடுத்துடுங்க.

பன்னெண்டாவதுலதான் நிஜமான தாவல். ஒரு கோரோட வேகமே நல்லா ஏறிடுச்சு. அடோபி போட்டோஷாப், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், கோடிங் பண்ற பசங்க, அஞ்சாறு வருஷம் இதே மெஷின்தான்னு நினைக்கிறவங்க இதுக்கு காசு சேத்து வாங்குங்க, வீணாகாது. வீடியோ பாக்குறதுல இன்னொரு விஷயம், ஏவி1ங்கிற வீடியோ ஃபார்மட்டை ஹார்டுவேர்லயே பிரிக்கிற திறமை இன்டெல்ல பதினொண்ணாவது ஜென்ல இருந்துதான் வருது. சாதாரணமா யூட்யூப் பாக்க எட்டாவது ஜென்லயும் தொந்தரவு இல்லை.

என் கணக்கு ஒண்ணு சொல்றேன், விலை மாறிட்டே இருக்கும் கணக்கு மாறாது. எட்டாவது ஜென் பழசோட விலை, அதே கம்பெனியோட புது அடிமட்ட மாடல் விலைல பாதியைத் தாண்டினா நான் வாங்கமாட்டேன், புதுசையோ பன்னெண்டாவது ஜென் பழசையோ பாப்பேன். மூணுல ஒரு பங்குக்குள்ள கிடைச்சா யோசிக்கவே மாட்டேன்.

அப்ப புதுசே வாங்க வேண்டிய ஆளு யாரு?

மெஷின் நின்னா வேலை நிக்கும், கூட இருந்து சரி பண்ண ஆள் இல்லை, ஆன்சைட் வாரண்டி வேணுங்கிறவங்க. ஆஸ்பத்திரி ரிசப்ஷன், ஆடிட்டர் ஆபீஸ்ல ஜூலை மாசம், பஸ் டிக்கெட் புக்கிங் கவுண்டர், இந்த மாதிரி இடம். மூணு வருஷ ஆன்சைட்னா ஆள் வீட்டுக்கே வந்து போர்டை மாத்திட்டுப் போவாரு, பழசுல அது கிடையாது. ஜிஎஸ்டி இன்புட் எடுக்குறவங்களுக்கு முழு பில்லும் முக்கியம். அப்புறம் பத்து இருபது மெஷின் ஒரே மாதிரி வேணும், ரெண்டு வருஷம் கழிச்சும் அதே மாதிரி வேணும்னா புதுசு சுலபம்.

பழசை எடுக்குறவங்களுக்கு நான் சொல்றது, வாரண்டிக்குக் குடுக்குற காசுல இன்னொரு டப்பாவை வாங்கி அலமாரில வெச்சுடுங்க. ஒண்ணு படுத்தா எஸ்எஸ்டியைக் கழட்டி அடுத்ததுல மாட்டினா அஞ்சு நிமிஷத்துல வேலை ஓடும். ஒரே மாடலா இருக்கணும், அது மட்டும் முக்கியம். உறையூர்ல ஒரு ட்யூஷன் சென்டர் எட்டு மெஷினுக்கு ஒம்பதா வாங்கி அப்படித்தான் ஓட்டுறாங்க.

மைக்ரோங்கிற இந்த சின்ன டப்பா எடுக்கவா, அதைவிடக் கொஞ்சம் பெருசா வர்ற எஸ்எஃப்எஃப் எடுக்கவா?

கிராஃபிக்ஸ் கார்டு, டிவிடி டிரைவ், ரெண்டு பெரிய ஹார்டுடிஸ்க், இதுல ஏதாவது ஒண்ணு வேணும்னா எஸ்எஃப்எஃப். அதுலயும் குட்டைக் கார்டுதான் நுழையும். ஸ்டூடியோக்காரங்க, போட்டோ ஆல்பம் பண்றவங்க இதைப் பாருங்க. மத்தவங்களுக்கு மைக்ரோ போதும். லெனோவோ எம்720கியூ, எம்920கியூ மாதிரி சில மாடல்ல ரைசர்ங்கிற இணைப்பு போர்டு போட்டு சின்ன கார்டு மாட்டலாம், வீட்டு சர்வர் பண்ற பசங்க அதை விழுந்து விழுந்து தேடுறது அதுக்காகத்தான்.

ராம், எஸ்எஸ்டி எவ்வளவு?

8 ஜிபில விண்டோஸ் 11ம் குரோமும் ஓடும், ஆனா டேப் பத்து ஆனதும் திணறும். 16 போடுங்க. இது லேப்டாப் ராம், ரெண்டு ஸ்லாட் இருக்கும், ஒரே 16ஆ இல்லாம ரெண்டு 8ஆ இருந்தா உள்ள இருக்கிற கிராஃபிக்ஸ் கொஞ்சம் நல்லா ஓடும். 2025 கடைசில இருந்து ராம் விலை கண்டபடி ஏறிடுச்சு, அதனால "8 ஜிபியோட வாங்கிட்டு அப்புறம் ஏத்திக்கலாம்"ங்கிற பழைய யோசனை இப்ப சரிவராது, 16 இருக்கிற மெஷினையே பேரம் பேசி வாங்குங்க. பன்னெண்டாவது ஜென்னுக்கு மேல சிலதுல டிடிஆர்4, சிலதுல டிடிஆர்5, ஒண்ணு இன்னொண்ணுல ஏறாது.

எஸ்எஸ்டி 256 கடைக்குப் போதும், வீட்டுக்கு 512. பழைய எஸ்எஸ்டியோட வந்தா கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கிற ப்ரோக்ராம் போட்டு எத்தனை சதவீதம் ஆயுசு மிச்சம்னு பாருங்க, 80க்குக் கீழன்னா விலையைக் குறைக்கச் சொல்லுங்க. முக்கியமான கணக்கு இருக்கிற மெஷின்னா நான் எஸ்எஸ்டியை மட்டும் புதுசா பில்லோட வாங்கிப் போட்டுடுவேன்.

கடையில நேர்ல போய் எதையெதைப் பாக்கணும்?

பின்னாடி ஒரே ஸ்க்ரூ இருக்கும், திருகி மூடியைத் தள்ளினா திறந்துடும். கடைக்காரர் திறக்க விடலைன்னா அங்க வாங்காதீங்க. திறந்ததும் முதல்ல ஃபேன். ஃபேன் ரெக்கைல பஞ்சு மாதிரி தூசி ஒட்டியிருந்தா பரவாயில்லை, தட்டினா போயிடும். எண்ணெய்ப் பிசுக்கோட கருப்பா ஒட்டியிருந்தா அது ஆபீஸ்ல இருந்து வரலை, நடுவுல யாரோ ஒருத்தர் கடைல ஓடியிருக்கு. விரலால ஃபேனை மெதுவா சுத்துங்க, வழுக்கிட்டு சுத்தணும், கரகரன்னு தடுக்கக்கூடாது. போர்டுல துரு, பச்சை நிறம், சால்டரிங் பண்ணின தடம், இது மூணுல எது இருந்தாலும் மூடியைப் போட்டுக் குடுத்துட்டு வந்துடுங்க. கடலோர ஊர்ல இருந்து வர்றதுல யுஎஸ்பி போர்ட்டோட தகரத்துல துரு முதல்ல தெரியும்.

அப்புறம் ஆன் பண்ணி, விண்டோஸுக்கு முன்னாடி வர்ற பயாஸ்ங்கிற செட்டிங்ஸ்குள்ள போங்க, டெல்லுல எஃப்2, லெனோவோல எஃப்1, எச்பில எஃப்10. தேதியும் நேரமும் தப்பா இருந்தா உள்ள இருக்கிற சிஆர்2032 பேட்டரி செத்திருக்கு, சில்லறைக் காசு செலவு, பயப்படாதீங்க. பாஸ்வேர்டு கேட்டா மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க, கம்பெனி போட்ட பயாஸ் பாஸ்வேர்டை எடுக்குறது பெரிய தலைவலி. எல்லா யுஎஸ்பிலயும் ஒரு பென்டிரைவ் மாத்தி மாத்திச் சொருகுங்க, ஹெட்போன் போடுங்க, லேன் கேபிள் சொருகி லைட் எரியுதா பாருங்க. யூட்யூப் ரெண்டு மூணு டேப்ல ஓடவிட்டு பத்து நிமிஷம் அப்படியே உக்காந்து பேசிட்டு இருங்க. ஃபேன் ஹேர் ட்ரையர் மாதிரி இரைஞ்சா பிராசசர் சூட்டைக் கடத்துற தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கு, போட்டுத் தரச் சொல்லுங்க.

விண்டோஸ் போடும்போது ஏதோ கம்பெனி பேரைக் காட்டி லாகின் கேக்குது. என்ன இது?

இது எனக்கே நடந்தது. ஒரு கடையில ஆறு மெஷின் எடுத்தேன், விண்டோஸ் 10 போட்டு ஆன் பண்ணிக் காட்டினாங்க, எல்லாம் சரியா இருந்துச்சு. ஊருக்கு வந்து விண்டோஸ் 11 புதுசா ஏத்தி நெட் கனெக்ட் பண்ணினதும் ரெண்டு மெஷின்ல மட்டும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பேரோட "வருக"ன்னு வந்து, அவங்க ஆபீஸ் ஐடி கேட்டு நின்னுபோச்சு. ஆட்டோபைலட்ங்கிற முறைல கம்பெனி அந்த மதர்போர்டையே மைக்ரோசாஃப்ட் கிட்ட தன் பேர்ல பதிஞ்சு வெச்சிருக்கும். வெளிய விக்கும்போது அதை நீக்கணும், மறந்துட்டாங்க. எஸ்எஸ்டி மாத்தினாலும் போகாது, பழைய ஓனர்தான் எடுத்துவிடணும். அந்த ரெண்டையும் பஸ்ல எடுத்துட்டுப் போய் சண்டை போட்டு மாத்தி வாங்க எனக்கு ரெண்டு நாள் போச்சு. அன்னைலேருந்து கடையிலயே, என் போன் ஹாட்ஸ்பாட்ல, விண்டோஸை ரீசெட் பண்ணி முதல் ஸ்க்ரீன் வரைக்கும் பாக்காம காசு குடுக்குறதில்லை. அரை மணி நேரம் ஆகும். நீங்களும் அதைச் செய்யுங்க.

அடாப்டர் எதுவா இருந்தாலும் பின் பொருந்தினா போதும்தானே?

போதாது. டெல் அடாப்டர் உள்ள ஒரு சின்ன அடையாளச் சிப் இருக்கு, மெஷின் அதைப் படிக்கும். டூப்ளிகேட் அடாப்டர்னா "அடாப்டர் எதுன்னு தெரியலை"ன்னு ஒரு மெசேஜ் போட்டுட்டு பிராசசரைப் பாதி வேகத்துக்குக் கீழ இறக்கிடும், நீங்க மெஷின் ஸ்லோன்னு நினைச்சு ஃபார்மட் பண்ணிட்டு இருப்பீங்க. எனக்கு வந்த "ஹேங் ஆகுது" கம்ப்ளைன்ட்ல பல தடவை கோளாறு அடாப்டர்லதான் இருந்துச்சு. 35 வாட் பிராசசருக்கு 65 வாட் அடாப்டர் போதும், பேர்ல "டி" இல்லாத 65 வாட் பிராசசர் இருந்தா அதைவிடப் பெருசு வேணும். ஆனையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்கு பாக்காதீங்க, ஒரிஜினல் அடாப்டர் இல்லாத டப்பாவை எடுக்காதீங்க.

மானிட்டர் கனெக்ட் ஆகலை, வைஃபையும் இல்லை. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. நிறைய மாடல்ல ரெண்டு டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான் இருக்கும், எச்டிஎம்ஐயே இருக்காது. டிஸ்ப்ளேபோர்ட்டுல இருந்து எச்டிஎம்ஐக்குப் போற கேபிள் வாங்கினா முடிஞ்சது, பழைய விஜிஏ மானிட்டர்னா அதுக்கு ஒரு கன்வர்ட்டர். வைஃபை கம்பெனிகள் வேணாம்னு சொல்லி எடுத்திருப்பாங்க, கார்டும் ஆன்டெனாவும் வாங்கி மாட்டலாம், இல்லாட்டி யுஎஸ்பி வைஃபை. கடைக்குன்னா லேன் கேபிளே இழுத்துடுங்க.

விண்டோஸ் ஒரிஜினலா இருக்குமா?

கம்பெனி மெஷின்ல பெரும்பாலும் விண்டோஸ் 10 ப்ரோ லைசென்ஸ் மதர்போர்டோடவே வந்திருக்கும், அதே மெஷின்ல 11 ப்ரோ புதுசா போட்டு நெட் குடுத்தா தானா ஆக்டிவேட் ஆயிடும். செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கத்துல டிஜிட்டல் லைசென்ஸ்னு இருக்கான்னு பாருங்க. ஏதோ சின்ன ப்ரோக்ராம் ஓடவிட்டு ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்னு சொன்னா விடாதீங்க, உங்க பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப்போற மெஷின் அது.

கரண்ட் பில்லுல நிஜமாவே மிச்சமாகுமா?

ஆகும், சும்மா இருக்கும்போது மைக்ரோ 10ல இருந்து 15 வாட், பழைய டவர் 40ல இருந்து 60. ஒரு நாள் எட்டு மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள்னு வெச்சா 50 வாட் டவருக்கு 120 யூனிட், 12 வாட் மைக்ரோவுக்கு 29 யூனிட். எட்டாவதுக்கும் பன்னெண்டாவதுக்கும் இதுல பெரிய வித்தியாசம் இல்லை, அதனால கரண்ட்டைக் காரணம் காட்டி புதுசு வாங்கச் சொன்னா கேக்காதீங்க. பில்லைவிட எனக்கு யுபிஎஸ்தான் பெருசாத் தெரியும். அதே 600 விஏ யுபிஎஸ்ல டவர் பத்து நிமிஷத்துல கத்த ஆரம்பிக்கும், மைக்ரோவும் மானிட்டரும் அரை மணிக்கு மேல நிக்கும். கரண்ட் போனா பில்லு பாதில நிக்காது.

வீட்டுல ஏற்கனவே ஆறாவது ஜென் ஒண்ணு இருக்கு. தூக்கிப் போட்டுடவா?

வேண்டவே வேண்டாம். அதுல எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் ஏத்துங்க. செக்யூரிட்டி அப்டேட் முறையா வரும், பிரவுசர், லிப்ரே ஆபீஸ், வீடியோ எல்லாம் ஓடும், தமிழ்99 கீபோர்டு செட்டிங்ஸ்லயே சேத்துக்கலாம். டேலி நேரா ஓடாது, அதை முதல்லயே சொல்லிடுறேன். என் தங்கச்சி பொண்ணு பத்தாவது படிக்கிறா, அவளுக்கு ஒரு ஐ5-6500டி டப்பாவை இப்படித்தான் பண்ணிக் குடுத்திருக்கேன், பைத்தான் கத்துக்கிறா, மானிட்டர் பின்னாடி மாட்டியிருக்கு, மேஜைல நோட்டு விரிக்க இடம் மிச்சம். போன மாசம் அவளே மூடியைத் திறந்து ராமைக் கழட்டித் துடைச்சுத் திரும்ப மாட்டிட்டு எனக்கு போட்டோ அனுப்பினா.